களத்தில் காயாத கடலை

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. ஏதோ தொற்றுநோய் என்றே முதலில் நினைத்தார்கள். கடைசியில் குற்றவாளி தீவனத்தில் அகப்பட்டது: பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பூத்திருந்த பூசணம். அது சுரந்த நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள்.

கொங்கு நாட்டுக்கு இது தூரத்துக் கதையல்ல. கடலைக்காய், காங்கேயத்துக் கொப்பரை, கோழிப்பண்ணைக்குப் போகும் மக்காச்சோளம், எதில் ஈரம் தங்கினாலும் இந்தப் பூசணம் குடியேறும். 1974-ல் குஜராத், ராஜஸ்தான் எல்லைக் கிராமங்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று நூற்றுக்கும் மேற்பட்டோர் கல்லீரல் கெட்டு இறந்தார்கள்.

அது அளவு மீறியதால் நேர்ந்த சாவு. கொஞ்சம் கொஞ்சமாக வருடக்கணக்கில் உள்ளே போனால் கல்லீரல் புற்றுநோய். நஞ்சை வெளியேற்ற முயலும் கல்லீரலே அதை இன்னும் வீரியமான பொருளாக மாற்றிவிடுகிறது. அது டிஎன்ஏவில் ஒட்டிக்கொண்டு, கட்டி வளராமல் காவல் காக்கும் பி53 மரபணுவையே பழுதாக்குகிறது. ஹெபடைடிஸ் பி கிருமியும் இருந்தால் ஆபத்து பல மடங்கு.

வறுத்தாலும் வேகவைத்தாலும் இந்த நஞ்சு முழுதாகப் போகாது. செக்கில் ஆட்டினால் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கும். அதைத் தின்னும் மாட்டின் பாலிலும் கொஞ்சம் இறங்கும். எண்ணெயில் கலந்த மிச்சத்தை ஆலைச் சுத்திகரிப்பு நீக்கிவிடுகிறது. மரச்செக்கு எண்ணெய்க்கு அந்த வேலை நடப்பதில்லை. ஆட்டப்போகும் கடலை நல்லதாக இருந்தால்தான் எண்ணெயும் நல்லது.

புற்றுநோயைத் தடுக்கும் உணவு என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது மஞ்சள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளில் உள்ள குர்குமின், ஆய்வகத் தட்டில் புற்றணுக்களை அடக்குவது உண்மை. ஆனால் தின்றால் ரத்தத்தில் ஏறுவது மிகச் சொற்பம். மிளகின் பைப்பரினைச் சேர்த்தால் பல மடங்கு ஏறுகிறது என்று 1998-ல் பெங்களூரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அப்படியும் மஞ்சள் புற்றுநோயைக் குணமாக்கும் என்பதற்கு நிரூபணம் இல்லை. சிகிச்சையை நிறுத்திவிட்டு மஞ்சளை நம்புவது உயிரைப் பணயம் வைப்பது.

கீரைப் பச்சையத்திலிருந்து செய்யும் குளோரோஃபில்லினுக்கு மனிதரிடமே கொஞ்சம் சான்று உண்டு. சீனாவில் 180 பேருக்கு நான்கு மாதம் கொடுத்தபோது, அஃப்ளாடாக்சின் டிஎன்ஏவைத் தாக்கிய அடையாளம் சிறுநீரில் 55 சதவீதம் குறைந்ததாக 2001-ல் எழுதினார்கள்.

ஆனாலும் உறுதியான தடுப்பு காயவைப்பதுதான். ஈரப்பதம் 8 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை கடலைக்காயைக் களத்தில் காயவிடுங்கள். வாயில் கசக்கும் பருப்பைத் துப்பிவிடுங்கள். பூசணம் பிடித்ததைச் செக்குக்கும் அனுப்ப வேண்டாம், மாட்டுத் தொட்டியிலும் கொட்ட வேண்டாம்.