தகடு உண்டு, ஏடு எங்கே?

சாவகச்சேரியிலிருந்து கண்டி வீதியால் கிழக்கே சென்றால் கொடிகாமம், எழுதுமட்டுவாள் கடந்து முகமாலை வரும். மேற்கே சென்றால் கைதடி, நாவற்குழி கடந்து செம்மணி வரும். முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் பணிகளின்போது மனித எச்சங்கள் வெளிப்பட்டதுண்டு. செம்மணியை அண்டிய அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் 2025ஆம் ஆண்டு 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் தோண்டியெடுக்கப்பட்டன. இவ்விரண்டுக்கும் நடுவே வாழ்கின்ற தென்மராட்சி மக்களின் கேள்வி ஒன்றே. மண்ணுக்குள் இருந்து வருபவர் யார்?

2023 ஜூன் இறுதியில் முல்லைத்தீவு, கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிக்க நிலத்தைத் தோண்டியபோது மனிதப் புதைகுழியொன்று வெளிப்பட்டது. நீதிமன்றக் கண்காணிப்பில் நடைபெற்ற அகழ்வில் 52 பேரின் எச்சங்கள் மீட்கப்பட்டன. விடுதலைப் புலிகளின் சீருடைத் துணிகளும் இலக்கம் பொறித்த தகடுகளும் அவற்றுடன் கிடைத்தன. இலக்கம் கிடைத்துவிட்டது, இனிப் பெயரை அறிவது எளிது என்று பலரும் எண்ணினர். அது அத்துணை எளிதன்று என்பதை விளங்கிக்கொள்ள, இத்துறையில் நீண்ட அனுபவமுள்ள ஜேர்மனியைச் சற்று நோக்குவோம்.

இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் படைவீரர் ஒவ்வொருவரும் கழுத்தில் நீள்வட்டத் தகடொன்றை அணிந்திருந்தனர். நடுவே துளைக்கோடு இட்டு, முறித்தால் இரண்டாகும்படி அது செய்யப்பட்டிருந்தது. இரு பாதியிலும் ஒரே விபரமே பொறிக்கப்பட்டது. வீரர் இறந்தால் ஒரு பாதி உடலுடன் புதைக்கப்படும். மறுபாதி மேலிடத்துக்கு அனுப்பப்படும். தகட்டில் படைப்பிரிவின் சுருக்கப் பெயரும் வீரரின் வரிசை இலக்கமும், பெரும்பாலும் இரத்த வகையும் இருக்கும். பெயர் மட்டும் இராது.

அந்தப் படைப்பிரிவும் கண்டவுடன் நம்பத்தக்கதன்று. தகடு வழங்கிய பிரிவின் பெயரே அதில் இருக்கும். பலருக்கு அது ஊரில் பயிற்சி அளித்த, களத்துக்கு ஆள் அனுப்பிய பிரிவாகும். போரிட்டு வீழ்ந்த பிரிவு வேறாக இருக்கலாம். ஒருவர் எந்தப் பிரிவில் மடிந்தார் என்பதைத் தகட்டை மட்டும் பார்த்துச் சொல்பவர் தவறிழைக்கவே வாய்ப்பு அதிகம்.

அப்படியாயின் விடை எங்கிருந்து வருகிறது? ஏட்டிலிருந்து. போர் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு, 1939 ஓகஸ்டில், போரில் வீழ்ந்தோர், கைதானோர் பற்றிய தகவல் நிலையம் ஒன்று பேர்லினில் அமைக்கப்பட்டது. யாருக்கு எந்த இலக்கம் வழங்கப்பட்டது, யார் வந்தார், யார் மாற்றலாகிச் சென்றார் என்ற பட்டியல்களைப் படைப்பிரிவுகள் அங்கே அனுப்பின. போரின் இறுதிக் காலப் பட்டியல்கள் முழுமையாக இல்லை. எனினும் எஞ்சியவை பேணப்பட்டு, 2019இல் ஜேர்மனியின் தேசிய ஆவணக் காப்பகத்துடன் இணைக்கப்பட்டன. இன்றும் கிழக்கு ஐரோப்பிய மண்ணில் எடுக்கப்படும் தகடொன்றின் இலக்கத்தை அங்கே ஒப்புநோக்கி, எண்பது ஆண்டுகளின் பின்னரும் பேரப்பிள்ளைகளுக்குச் செய்தி அனுப்புகின்றனர். ஆக்கிரமிப்புப் போர் நடத்தித் தோற்ற ஓர் இராணுவத்தின் இறந்தோருக்கே இது நடக்கிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இலக்கத்தைக் கொடுத்தால் பெயரைத் தருகின்ற அத்தகைய நிலையம் இலங்கையில் இல்லை. இயக்கம் தன் போராளிகளுக்குத் தகடு வழங்கியது. மாவீரர் பணிமனை வழியே வீழ்ந்தோரின் விபரமும் திரட்டியது. ஆயினும் ஒரு தகட்டைக் கொண்டு சென்று ஒப்புநோக்கக்கூடிய ஏடு எந்த அரச அலுவலகத்திலும் பொதுமக்களுக்குத் திறந்து வைக்கப்படவில்லை. காணாமற்போனோர் அலுவலகம் 2016இன் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவாகி 2018இல் இயங்கத் தொடங்கியது. மீட்கப்பட்ட தகட்டு இலக்கங்களை ஓரிடத்தில் தொகுக்கும் கடமையையேனும் அது ஏற்றிருக்க வேண்டும் என்பது நமது எண்ணம். பிள்ளை விடுப்பில் வந்தபோது கழுத்தில் கண்ட இலக்கத்தை நினைவில் வைத்திருக்கும் தாய்மார், தோழரின் இலக்கத்தை அறிந்த முன்னாள் போராளிகள் இன்னும் இருக்கின்றனர். அச்சமின்றி அவர்கள் அதைச் சொல்ல வழி செய்தால் ஏட்டின் ஒரு பகுதியையாவது மீள எழுதலாம்.

இங்கே காணி துப்புரவு செய்வோருக்கும் பழைய இரும்பு சேர்ப்போருக்கும் ஒரு வேண்டுகோள். தகடு கண்ணில் பட்டால் அதை எடுக்காதீர்கள். ஐரோப்பாவில் நினைவுப் பொருள் விற்போர் புதைகுழிகளிலிருந்து தகடுகளை அகற்றியதால், அடையாளம் காணப்படக்கூடிய பலர் பெயரற்றவர்களாயினர். எலும்பிலிருந்து பிரிந்த தகடு வெறும் உலோகமே. கிராம அலுவலருக்கும் நீதிவானுக்கும் அறிவித்து, இருந்தபடியே விடுவதே முறை.

செம்மணியின் நிலை இதனினும் கடினமானது. அங்கே கிடைத்தவை புத்தகப்பை, விளையாட்டுப் பொருள், ஆடைகள். பொதுமக்களுக்கு எவரும் தகடு வழங்கியதில்லை. 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி அப்பொருட்களை நீதிமன்றம் மக்களின் பார்வைக்கு வைத்தது, பெற்றோரின் நினைவையே ஏடாகக் கொள்ளும் முயற்சியாகும். ஆடை மக்கும், நினைவும் மங்கும். உறவினரின் மரபணுவுடன் எலும்பின் மரபணுவை ஒப்பிடுவதே அங்கு உறுதியான வழி. 1996இல் இருபது வயதில் காணாமற்போன ஒருவரின் தாய்க்கு இன்று எழுபது வயதாகிறது. அகழ்வு முடியும்வரை காத்திராது, அவரது இரத்த மாதிரி இப்பொழுதே பெறப்பட வேண்டும்.