மறதியைத் தாண்டி – 9: கட்டில் ஓரத்தில் இரண்டு பையன்கள்

"கட்டில் ஓரம் ரெண்டு பசங்க குந்திக்கினு இருக்காங்கம்மா. பாவம், அதுங்களுக்கும் ஒரு வாய் சோறு போடு."

மாதவரம் பால்பண்ணைப் பக்கம் ஒரு வீட்டில், எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் ராத்திரி எட்டு மணிக்கு மருமகளிடம் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கட்டிலில் யாரும் இல்லை. மறுநாள் காலை அதே மனிதர் பேப்பரை வரி விடாமல் படிக்கிறார், பாஸ்புக்கில் விட்டுப்போன ஒரு வரவைக் கண்டுபிடித்துச் சொல்கிறார். சாயங்காலம் மறுபடி தடுமாற்றம். தூக்கத்தில் கத்துகிறார், பக்கத்தில் படுத்திருக்கும் மனைவியை எட்டி உதைக்கிறார். "காத்து கருப்பு ஏதாச்சும் இருக்கும்" என்கிறார் எதிர்வீட்டு ஆயா. வெளிநாட்டில் இருக்கும் இளைய மகன் போனில், "நைனாவ இங்க இட்டாந்து பெரிய டாக்டராண்ட காட்டிரலாம்ணா" என்கிறான்.

இந்த வாரம் பேச வேண்டியது அந்தக் கடைசி வரியைப் பற்றித்தான்.

மேலே சொன்ன அடையாளங்கள் லூயி பாடி டிமென்ஷியாவுக்கு உரியவை. அல்சைமர் போல இது மறதியில் தொடங்க வேண்டும் என்பதில்லை. ஆரம்பத்தில் ஞாபகம் ஓரளவு தாக்குப்பிடிக்கும்; கவனமும் கண் காட்டும் காட்சியும் தூக்கமும் நடையும்தான் முதலில் தடுமாறும். ஆல்ஃபா சைனூக்ளீன் என்ற புரதம் மூளைச் செல்களுக்குள் உருண்டையாகத் திரள்வதால் வரும் சேதம் இது. அந்த உருண்டைகளை 1912-ல் எழுதிக்காட்டியவர் பெர்லினில் பிறந்த ஃபிரெடெரிக் லூயி. அவை தனியொரு மறதிநோய்க்கும் காரணம் என்று உலகத்தை ஒப்புக்கொள்ள வைத்ததில் ஜப்பானிய மருத்துவர் கென்ஜி கொசாகாவுக்குப் பெரும் பங்கு உண்டு. அவர் 1976 முதல் விடாமல் எழுதினார். 1995-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் கூடிய மருத்துவர்கள் இதைக் கண்டறிய விதிகள் வகுத்தார்கள். வெளிநாட்டில் காட்டலாம் என்பவர்கள் வாயில் நியூகாசில் பெயர் வருவது இதனால்தான்.

ஆனால் அந்த விதிகளுக்கு விசா தேவையில்லை. 2017-ல் திருத்தப்பட்ட வடிவத்தில் முக்கிய அடையாளங்கள் நான்கு: ஒரு நாள் தெளிவு ஒரு நாள் குழப்பம் என ஏறி இறங்கும் புத்தி, திரும்பத் திரும்பத் தெரியும் இல்லாத உருவங்கள், கனவில் நடப்பதற்கேற்பக் கை கால் ஆட்டும் தூக்கம், பார்க்கின்சன் போன்ற விறைப்பும் மந்த நடையும். டிமென்ஷியாவோடு இவற்றில் இரண்டு சேர்ந்தாலே, விசேஷ ஸ்கேன் இல்லாமலே, 'பெரும்பாலும் இதுதான்' என்று நரம்பியல் மருத்துவர் சொல்லலாம். அந்த இரண்டையும் அவருக்கு யார் சொல்வது? பெரியவர் சொல்ல மாட்டார். டாக்டர் அறையில் பத்து நிமிஷம் அவர் தெளிவாகவே பேசுவார். உதை வாங்கிய மனைவியும், இல்லாத பையன்களுக்குத் தட்டு வைத்த மருமகளும்தான் சொல்ல வேண்டும்.

ஹாலிவுட் நடிகர் ராபின் வில்லியம்ஸுக்குப் பணமும் இருந்தது, அமெரிக்க மருத்துவமும் கிடைத்தது. 2014 மே மாதம் அவருக்குச் சொல்லப்பட்டது பார்க்கின்சன். ஆகஸ்டில் இறந்தார். மூளை முழுக்க லூயி உருண்டைகள் பரவியிருந்தது பிரேதப் பரிசோதனையில்தான் தெரியவந்தது. அவர் மனைவி 2016-ல் ஒரு நரம்பியல் இதழில் மருத்துவர்களுக்காக அதை எழுதினார்.

நோயை நிறுத்தும் மருந்து அங்கேயும் இல்லை. அறிகுறிகளைத் தணிக்கக் கொடுக்கும் ரிவாஸ்டிக்மின், டொனெபெசில் இரண்டும் இந்தியாவிலேயே தயாராகின்றன. சந்தேகம் தீர எடுக்கும் ட்ரோடாட் ஸ்கேனும் இந்தியாவில் உண்டு. அங்கே கிடைப்பது புதிய மருந்துகளின் சோதனையில் சேரும் வாய்ப்பும், டாக்டர், நர்ஸ், பிசியோதெரபிஸ்ட் ஒன்றாக உட்கார்ந்து பேசும் ஒழுங்கும். அது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் வீடு மாறினாலே தடுமாறும் மனிதரை, தூக்கம் கெட்டு, தண்ணீர் குறைத்து, பல மணி நேரம் விமானத்தில் உட்கார வைத்தால் குழப்பம் கூடலாம். மகன் ரிப்போர்ட்டுகளையும் வீடியோவையும் அங்கே எடுத்துப்போய்க் கருத்துக் கேட்கட்டும். நைனா வீட்டிலேயே இருக்கட்டும்.

அவசரம் வேறிடத்தில் இருக்கிறது. ராத்திரி கத்துகிறார் என்று தூக்கிக்கொண்டு ஓடும்போது, அடக்குவதற்காக ஹாலோபெரிடால் ஊசி போடப்படலாம். இந்த நோயாளிகளில் கணிசமானவர்களுக்கு அது உடம்பைக் கட்டையாக்கிவிடும், உயிருக்கே ஆபத்தாகலாம். கை நடுக்கத்துக்குக் கொடுக்கும் ட்ரைஹெக்சிபெனிடில் குழப்பத்தைக் கூட்டும். 'லூயி பாடி சந்தேகம்' என்று ஒரு சீட்டில் எழுதிப் பாக்கெட்டில் வைத்திருங்கள். இன்னொன்று: குழப்பம் திடீரென்று ஒரே நாளில் வந்தால் சிறுநீர்த் தொற்றா, சோடியம் குறைவா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அவை சரிசெய்யக்கூடியவை.

சரி, இங்கே எங்கே காட்டுவது? வடசென்னைக்காரர்களுக்குப் பழைய வண்ணாரப்பேட்டை ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம். அண்ணா நகர் மேற்கு விரிவில், 1984-ல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு டிமென்ஷியாவுக்கெனத் தனிச் சேவை நடத்துகிறது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 2024-ல் திறந்த முதியோர் நல மையத்தில் 200 படுக்கைகள்.

போகும்போது மூன்று மட்டும் மறக்க வேண்டாம்: சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளும், பதினைந்து நாளாக எந்த வேளை தெளிவு, எந்த வேளை தடுமாற்றம் என்று குறித்த ஒரு நோட்டு, அவர் தூங்கும்போது செல்போனில் எடுத்த இரண்டு நிமிஷ வீடியோ. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், மூத்த குடிமக்களுக்கான இலவச உதவி எண் 14567.