பாட்டி அணைத்த விளக்கு

மாலை ஏழரை மணி. வீவக நான்கறை வீடு ஒன்றின் வரவேற்பறையில் விளக்கு எரியவில்லை; மின்விசிறியும் சுழலவில்லை. இணைப்பாட நடவடிக்கை முடிந்து வீடு திரும்பிய பேரன், சன்னலோரம் கைவிசிறியோடு அமர்ந்திருக்கும் பாட்டியைப் பார்க்கிறான்.

“ஏன் பாட்டி இருட்டுல உட்கார்ந்திருக்கீங்க?”

“எல்லாரும் வந்தப்புறம் போட்டுக்கலாம்யா. போன மாசம் கரண்டு பில் எவ்வளவு வந்துச்சுன்னு உங்கப்பா சொன்னான்ல?”

பேரன் விளக்கைப் போட்டுவிட்டுக் குளிக்கச் செல்கிறான். வெந்நீரில் நிதானமாகக் குளித்து முடித்ததும் தன் அறைக்குள் நுழைந்து, குளிர்சாதனக் கருவியை 18 டிகிரியில் வைக்கிறான்.

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால், உங்களில் சிலருக்கு இந்தப் பாட்டியை நன்றாகத் தெரிந்திருக்கும்.

பாட்டியின் சிக்கன உணர்வைக் குறைசொல்ல முடியாது. எனினும், அவர் மிச்சப்படுத்துவது எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மின்சாரத்தைக் கிலோவாட் மணி என்னும் அலகால் அளக்கிறோம். 1,000 வாட் சக்தியுள்ள ஒரு கருவி ஒரு மணி நேரம் இயங்கினால், அது பயன்படுத்தும் மின்சாரம் 1 கிலோவாட் மணி. வீட்டுக்கு வரும் பயனீட்டுக் கட்டண ரசீதிலும் இந்த அலகையே காணலாம். மின்சாரத்தின் விலை அவ்வப்போது மாறும். கணக்கு எளிதாக இருக்க, 1 கிலோவாட் மணிக்கு 30 காசு என்று வைத்துக்கொள்வோம்.

பாட்டியின் தலைக்கு மேல் இருப்பது 9 வாட் எல்இடி விளக்கு. அது ஐந்து மணி நேரம் எரிந்தால் ஆகும் செலவு ஒன்றரைக் காசுகூட இல்லை. 50 வாட் மின்விசிறி அதே ஐந்து மணி நேரம் சுழன்றால் ஏழரைக் காசு. இரண்டும் சேர்ந்து 9 காசுக்குள் அடங்கிவிடுகின்றன.

குளியலறையில் உள்ள கருவியோ 3,000 வாட் சக்தியுடையது. அதில் பத்து நிமிடம் குளித்தால் அரை கிலோவாட் மணி, அதாவது 15 காசு செலவாகும். பாட்டி ஐந்து மணி நேரம் இருட்டிலும் புழுக்கத்திலும் இருந்து மிச்சப்படுத்தியதைப் பேரன் ஆறு நிமிடக் குளியலில் செலவழித்துவிடுகிறான்! பாவம், இருவருக்குமே இது தெரியாது. விளக்கு கண்ணுக்குத் தெரிகிறது; சுவரில் மாட்டிய வெள்ளைப் பெட்டி விழுங்கும் மின்சாரம் தெரிவதில்லை. எதையாவது சூடாக்கும் கருவியும் குளிரவைக்கும் கருவியும்தான் வீட்டில் மிகுதியான மின்சாரத்தைப் பயன்படுத்துகின்றன.

இப்போது பேரனின் அறைக்கு வருவோம். அங்குள்ள குளிர்சாதனக் கருவி இரவு முழுவதும் சராசரியாக 700 வாட் பயன்படுத்துவதாகக் கொள்வோம். எட்டு மணி நேரத்திற்கு 5.6 கிலோவாட் மணி. அதாவது ஓர் இரவுக்கு 1 வெள்ளி 68 காசு. ஒரு மாதத்திற்கு 50 வெள்ளிக்குமேல் ஆகிவிடும். பெற்றோரின் அறையிலும் அதே போன்ற கருவி ஓடினால், தொகை இருமடங்காகும். அப்பா கவலைப்பட்டதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

அதற்காகக் குளிர்சாதனக் கருவியையே பயன்படுத்தக் கூடாது என்று சொல்ல வரவில்லை. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த சிங்கப்பூரில் அதன் அருமையை யாரும் மறுக்க முடியாது. 1902-இல் அமெரிக்கப் பொறியாளர் வில்லிஸ் கேரியர் நவீனக் குளிர்சாதன முறையை வடிவமைத்தது, மனிதர்களின் வசதிக்காக அன்று. ஓர் அச்சகத்தில் ஈரப்பதத்தால் காகிதம் சுருங்குவதும் விரிவதுமாக இருந்தது. அதைத் தடுக்கவே அவர் அம்முறையை உருவாக்கினார். வெப்பமண்டல நாடுகளின் வளர்ச்சிக்கு அந்தக் கண்டுபிடிப்பு எவ்வளவு உதவியது என்பதைத் திரு லீ குவான் இயூவும் எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதை அறிந்துகொண்டால், அதைச் சரியாகப் பயன்படுத்தவும் தெரிந்துவிடும். அது குளிர்ச்சியைத் தயாரிப்பதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. ஓட்டைப் படகிலிருந்து நீரை இறைப்பதைப் போன்ற வேலை அது. ஓட்டை பெரிதாக இருந்தால் இறைப்பவருக்கு ஓய்வே இருக்காது. கதவின் கீழ் இடைவெளி, சரியாக மூடாத சன்னல், வெயிலில் காய்ந்த சுவர் ஆகிய ஒவ்வொன்றும் வெப்பம் நுழையும் ஓட்டைதான்.

18 டிகிரியில் வைத்தால் அறை சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பேரனும் அப்படித்தான் நினைக்கிறான். உண்மையில், 18 என்று வைத்தாலும் 25 என்று வைத்தாலும் சூடான அறையில் கருவி தொடக்கத்தில் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் இயங்கும். 25 டிகிரியை எட்டியதும் அது வேலையைக் குறைத்துக்கொள்ளும். 18 என்று வைத்தால் விடிய விடிய உழைக்கும். பேரனோ பாதி இரவில் குளிர் தாங்காமல் கம்பளியைத் தேடுவான்! தேசியச் சுற்றுப்புற வாரியம் 25 டிகிரி அல்லது அதற்கு மேல் வைக்கும்படி ஆலோசனை கூறுகிறது. கூடவே மின்விசிறியையும் மெதுவாகச் சுழலவிட்டால், அந்த அளவிலேயே உடல் நன்கு குளிரும். மின்விசிறி காற்றைக் குளிரவைப்பதில்லை; நம் தோலில் உள்ள வியர்வையை ஆவியாக்கி நமக்குக் குளிர்ச்சியை உணரவைக்கிறது. எனவே, ஆளில்லாத அறையில் அது சுழல்வதால் யாருக்கும் பயனில்லை.

கருவியின் வடிகட்டியில் தூசி படிந்தால் காற்று தடைபடும். அதே குளிர்ச்சிக்குக் கூடுதல் மின்சாரம் தேவைப்படும். முன்மூடியைத் திறந்து, வடிகட்டியைக் கழற்றி, தண்ணீரில் கழுவி, நன்கு உலர்த்தி மாட்டுவதற்கு அரை மணி நேரம் போதும். பெரியவர்களின் துணையோடு நீங்களே இதைச் செய்யலாம்.

வெப்பம் உள்ளே வராமல் தடுப்பதும் முக்கியம். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், காலையில் கிழக்குச் சுவரும் பிற்பகலில் மேற்குச் சுவரும்தான் வெயிலை அதிகம் வாங்குகின்றன. மேற்குப் பார்த்த அறையின் சுவர் பிற்பகல் முழுவதும் வெப்பத்தைச் சேமித்து, இரவில் மெல்ல வெளியிடுகிறது. அந்த அறையில் படுப்பவர்கள் “சூரியன் போயும் சூடு போகவில்லையே” என்பார்கள். வெயில் வருவதற்கு முன்பே திரைச்சீலையை இழுத்துவிட்டால் ஓரளவு பயன் கிடைக்கும். கண்ணாடிக்கு வெளியே, இடமும் விதிமுறையும் அனுமதித்தால், தட்டி கட்டுவது இன்னும் சிறந்தது. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெப்பத்தை வெளியேற்றுவது கடினம் அல்லவா? பொழுது சாய்ந்த பிறகு, எதிரெதிரே உள்ள சன்னல்களைத் திறந்து காற்றை உள்ளே விடலாம். சில இரவுகளில் அதுவே போதுமானதாக இருக்கும்.

சமையலறையில் இரவும் பகலும் ஓயாமல் இயங்குவது குளிர்பதனப் பெட்டி. நாளுக்கு 1 கிலோவாட் மணி பயன்படுத்தினாலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 110 வெள்ளி ஆகும். அதன் கதவு இறுக்கமாக மூடுகிறதா என்பதை அறிய எளிய வழி உண்டு. ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்துவிட்டால், கதவின் ரப்பர் பட்டை தளர்ந்துவிட்டது என்று பொருள். சூடான சாம்பாரை ஆறவைத்தே உள்ளே வைக்க வேண்டும். பெட்டியின் பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கவும் கூடாது.

பழைய கருவியை மாற்றும் காலம் வரும்போது, கடையில் விலைச்சீட்டை மட்டும் பார்த்தால் போதாது. சிங்கப்பூரில் 2008 முதல் குளிர்சாதனக் கருவிகளும் குளிர்பதனப் பெட்டிகளும் எரிசக்தி முத்திரையுடன்தான் விற்கப்பட வேண்டும். அதில் டிக் குறிகள் எவ்வளவு கூடுதலாக உள்ளனவோ, அவ்வளவு மின்சாரம் மிச்சமாகும். ஆனால், குறியை மட்டும் பார்த்து, தேவையைவிடப் பெரிய பெட்டியை வாங்கிவிடக் கூடாது. ஒரே கொள்ளளவு உள்ளவற்றை ஒப்பிடுவதே முறை.

நம் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து கிடைக்கிறது. அந்த வாயு குழாய் வழியாக அண்டை நாடுகளிலிருந்தும், திரவமாக்கப்பட்டுக் கப்பல்களிலும் வருகிறது. உலகச் சந்தையில் அதன் விலை ஏறினால், நம் வீட்டு ரசீதிலும் அது தெரியும். அந்த விலையை மாற்றுவது நம் கையில் இல்லை. நாம் பயன்படுத்தும் அளவோ நம் கையில் இருக்கிறது.

பேரனின் வீட்டில் ஒரு சோதனை நடத்தலாம். ஒரு வாரம் இப்போது உள்ளபடியே இருக்கட்டும். தினமும் ஒரே நேரத்தில் மின்மானியின் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த வாரம் வடிகட்டியைக் கழுவி, 25 டிகிரி வைத்து, குளியலை ஐந்து நிமிடத்தில் முடித்து, மீண்டும் குறிக்க வேண்டும். இரண்டு வாரங்களிலும் வரவேற்பறை விளக்கும் விசிறியும் பாட்டி விரும்பும்வரை இயங்கட்டும். பேரன் எண்களை எழுதும்போது, பக்கத்தில் அமர்ந்து பாட்டி நாளிதழ் படிக்கலாம். அந்த வெளிச்சத்திற்கு ஆகும் செலவு, ஐந்து மணி நேரத்திற்கு ஒன்றரைக் காசுக்கும் குறைவு.