ஈயக் குழாயும் கொலைக் கணக்கும்

ஈயம் கால்சியம் வேஷம் போட்டுக் குழந்தையின் மூளைக்குள் நுழைந்துவிடும். அவசர புத்தியை அடக்கும் பகுதி பாதிக்கப்படும். பின்னாளில் அது குற்றமாக வெளிப்படுமா? சிக்கல் என்னன்னா, ஈயம் அதிகமுள்ள இடத்தில் பெரும்பாலும் வறுமையும் அதிகம். காரணம் எது?

இதைப் பிரித்துப் பார்க்க ஃபைகன்பாம், முல்லர் என்ற ஆய்வாளர்கள் 2016இல் ஒரு வழி காட்டினார்கள். நூறு வருஷம் முன்பு அமெரிக்காவில் சில நகரங்களில் குடிநீருக்கு ஈயக் குழாய், சிலவற்றில் இரும்புக் குழாய். ஈய ஆலைக்குப் பக்கத்து ஊர்கள் ஈயத்தையே அதிகம் பதித்தன. அதாவது, அங்கே குழாயைத் தீர்மானித்ததில் தூரத்துக்கும் பங்கு உண்டு. 1921 முதல் 1936 வரை ஈயக் குழாய் நகரங்களில் கொலை விகிதம் கணிசமாக அதிகம்.

இது ஊர்க் கணக்கு. தனியாள் யாரையும் குற்றவாளின்னு சொல்ல இதில் இடமில்லை. ஆனால் குணத்தைத் திருத்துவதைவிடக் குழாயை மாற்றுவது சுலபம், இல்லையா?