திறவுகோல் யார் கையில்?

கொழும்பில் வானொலி ஒலிபரப்பு 1925 ஆம் ஆண்டு டிசம்பர் 16 ஆம் நாள் தொடங்கிற்று. அதன்பின் பல்லாண்டுகள் வானொலிப் பெட்டி நம் வீட்டு முன்மண்டபத்திற் பெருமையுடன் வீற்றிருந்தது. வாங்கிய நாளில் அஃது எவ்வாறிருந்ததோ அவ்வாறே பத்தாண்டு கழிந்தும் இருக்கும். வால்வு பழுதாயின் திருத்துநர் வந்து மாற்றுவார். மற்றப்படி அதன் இயல்பு மாறுவதில்லை.

இன்று அவ்விடத்தைப் பிடித்துக்கொண்ட வைபைப் பெட்டியோ அத்தகையதன்று. நாம் உறங்கும் வேளையில் அது தன் உள்ளறிவை மாற்றிக்கொள்கின்றது. நேற்றிரவு செவ்வனே இயங்கியது இன்று காலை இயங்க மறுக்கின்றது. “தொட்டவர் ஒருவருமில்லையே, பின் எவ்வாறு கெட்டது?” என்று வீட்டார் திகைக்கின்றனர். அத்திகைப்புக்குக் காரணம் யாது, அதனைத் தீர்க்கும் பொறுப்பு யாருடையது என்பனவற்றை இங்கு ஆராய்வோம்.

இரண்டு ஊர், இரண்டு நோய்

வைபை என்பதும் வானொலி அலையே. கொட்டாஞ்சேனையிலுள்ள பழைய வீடுகளை எண்ணிப் பாருங்கள். தடித்த சுவர்கள், தெருவாசலிலிருந்து அடுக்களை வரை நீண்டு செல்லும் அமைப்பு. முன்மண்டபத்தில் வலிமையோடு புறப்படும் அலை, இரண்டு மூன்று சுவர்களைக் கடந்து பின்னறையிற் படிக்கும் பிள்ளையை அடையும்போது களைத்துவிடுகின்றது.

வெள்ளவத்தையின் நோய் வேறு. காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே தொடர்மாடிகள் நெருங்கி நிற்கின்றன. மேல் வீட்டில் ஒரு பெட்டி, கீழ் வீட்டில் ஒரு பெட்டி, இருமருங்கிலும் பெட்டிகள். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாது நிற்கக்கூடிய தடங்கள் மூன்றே. ஒரு கிணற்றடியில் இருபது குடும்பத்தினர் மூன்று வாளிகளுக்குக் காத்திருப்பது போலாகும். போதாக்குறைக்கு, நுண்ணலை அடுப்பும் இதே அலைவரிசையில் இரைச்சலை எழுப்புகின்றது. 5 கிகாஹேர்ட்ஸ் வரிசையில் இடம் தாராளம். ஆயின் அது சுவரை ஊடுருவும் ஆற்றலிற் குறைந்தது.

இந்நோய்களுக்கு மருந்தாக வந்ததே ‘மெஷ்’ எனப்படும் வலைப்பின்னல் முறை. ஒரு பெட்டிக்குப் பதிலாக இரண்டு மூன்று பெட்டிகள் வீட்டின் பல பகுதிகளில் நின்று, ஒரே பெயரில் ஒன்றன்பின் ஒன்றாக அலையைக் கைமாற்றுகின்றன. பாடசாலை விளையாட்டுப் போட்டியில் நிகழும் அஞ்சலோட்டத்தை இதற்கு உவமை கூறலாம். முதல் வீரன் களைத்து விழுந்த இடத்தில் இரண்டாம் வீரன் நின்றால் கோல் கைமாறுமா? ஆதலின் அலை சிறிதும் எட்டாத அறையில் இரண்டாம் பெட்டியை வைப்பதிற் பயனில்லை. அலை இன்னும் வலிமையோடிருக்கும் நடுவழியில் வைத்தல் வேண்டும். பெட்டிகளிடையே கம்பி இணைப்புக் கொடுக்க இயலுமாயின் அதுவே தலைசிறந்தது.

நிலைபொருள் என்பது யாது?

இப்பெட்டியினுள்ளே நிலையாகத் தங்கி, அதனை இயக்கும் கட்டளைத் தொகுதியே நிலைபொருள். பெட்டி உடலெனின் இஃது அதன் அறிவு. அறிவிலுள்ள குறைகள் நாளடைவில் வெளிப்படுகின்றன. அவற்றை நீக்கிய புதிய தொகுதியை உற்பத்தி நிறுவனம் அனுப்பி, பழையதன் இடத்தில் எழுதச் செய்வதே புதுப்பித்தல்.

“ஓடும் வண்டியை ஏன் திருத்த வேண்டும்?” என வினவுவாருளர். அவர்கட்கு மூன்று நிகழ்ச்சிகளைச் சொல்லலாம். 2016 நவம்பரில் ஜெர்மனியில் ஏறக்குறைய 9 இலட்சம் வீடுகளின் ரவுட்டர்கள், அவற்றைக் கைப்பற்ற முயன்ற தீய நிரலொன்றின் தாக்குதலால் நிலைகுலைந்தன. 2017 அக்டோபரில் பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழக ஆய்வாளர் மதி வான்ஹூஃப், வைபையின் பூட்டு முறையிலேயே ஒரு விரிசல் இருப்பதை உலகிற்கு அறிவித்தார். 2018 இல் ‘வி.பி.என். ஃபில்ட்டர்’ என்னும் நிரல் 54 நாடுகளில் குறைந்தது 5 இலட்சம் கருவிகளுட் புகுந்தமை தெரியவந்தது. இத்தகைய துளைகளை நிரந்தரமாக அடைக்கும் வழி புதுப்பித்தலே. அதனைத் தடுத்து வைப்பது வாயிற்கதவைத் திறந்துவிட்டு உறங்குவதற்கு ஒப்பாகும்.

ஆயினும் மருந்திலும் இடருண்டு. எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் நின்றால், அறிவு பாதி எழுதப்பட்ட நிலையிற் பெட்டி செயலிழந்து போகலாம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டைக் கண்டவர்கள் நாம். 2025 பெப்ரவரி 9 ஆம் நாள் பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் இருண்டதையும் மறந்திலோம். ஆகவே இஃது ஏட்டளவான அச்சமன்று. இன்னும், புதிய பூட்டு முறையைப் பழைய அச்சுப்பொறியும் கண்காணிப்புக் கமராவும் அறியாது தொடர்பிழப்பதுண்டு. நிறுவனமே தவறுவதும் உண்டு: 2017 பெப்ரவரியில் கூகிள் நிறுவனத்தின் கணக்கு முறையில் நேர்ந்த கோளாறினால், அதன் வைபைப் பெட்டிகள் பல, அமைப்புகள் யாவும் அழிந்து, கடையிலிருந்து வந்த புதுப்பெட்டி போலாயின. உரியவர்கள் அவற்றை முதலிலிருந்து அமைக்க வேண்டியதாயிற்று.

கடலுக்கப்பால் ஒரு திறவுகோல்

இங்கேதான் நம்மவர் வீடுகளுக்குரிய தனித்துன்பம் தொடங்குகின்றது. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலே முதிய தாய் தந்தையர் தனித்து வாழும் வீடுகள் பல. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருக்கின்றனர். விடுமுறையில் வரும் மகன் மூன்று பெட்டிகளை வாங்கித் தன் கைத்தொலைபேசியிலே, தன் கணக்கிலே, தன் கடவுச்சொல்லிலே அமைத்துவிட்டு விமானமேறுகின்றான். அன்பினாற் செய்த செயலே அது. ஆயின் பெட்டிகள் வீட்டிலும் திறவுகோல் கடலுக்கப்பாலும் இருக்கின்றன.

ஒருநாட் காலை பெட்டியில் செவ்விளக்கு எரிகின்றது. இங்கு விடியும் வேளை ரொறன்ரோவில் இரவு. நாள்தோறும் பேரப்பிள்ளையின் முகம் காட்டிய திரை இருண்டு கிடக்கின்றது. “அம்மா ஏன் பேசவில்லை?” என்று அங்கே கவலை, “என் கை பட்டுத்தான் கெட்டதோ?” என்று இங்கே அச்சம். உதவிக்கு வரும் அயல்வீட்டு இளைஞனும் கடவுச்சொல் அறியாது கைவிரிக்கின்றான். பொறியியற் குறை சிறிது. திறவுகோல் இடம்மாறியிருப்பதே பெருங்குறை.

செய்யத்தக்கன

முதலாவதாக, வைபையின் பெயர், கடவுச்சொல், செயலிக்குரிய மின்னஞ்சல், இணைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி, வீட்டு உறுதிப்பத்திரம் இருக்கும் அலுமாரியிலேயே வைத்தல் வேண்டும். பல செயலிகளில் இரண்டாவது பொறுப்பாளரைச் சேர்க்க இடமுண்டு. கொழும்பில் வாழும் நம்பிக்கைக்குரிய உறவினர் ஒருவரை அவ்வாறு சேர்த்தல் நன்று.

இரண்டாவதாக, இடி மின்னல் வேளையிலும் மின்வெட்டு அறிவிக்கப்பட்ட நாளிலும் புதுப்பித்தலைத் தொடங்கலாகாது. தானாகப் புதுப்பிக்கும் பெட்டியாயின், ரவுட்டருக்கென விற்கப்படும் சிறிய மின்கலப் பெட்டியொன்று காவலாக நிற்கும். விளக்குச் சிமிட்டும்போது மின்செருகியைப் பிடுங்குதல் கூடாது. சில நிமிடம் பொறுத்திருத்தல் வேண்டும்.

மூன்றாவதாக, தொடர்பு அறுந்தால் ஒழுங்கு முறையாக ஆராய்க. இணைய நிறுவனம் தந்த பெட்டியில் வழமையான விளக்குகள் எரிகின்றனவா? கணினியை அதனுடன் கம்பியால் இணைத்தால் இணையம் வருகின்றதா? வராவிடின் குறை வெளியே உள்ளது. வருமாயின் வீட்டுக்குள்ளே தேடுக. எல்லாப் பெட்டிகளையும் நிறுத்தி, நிறுவனப் பெட்டி, மெஷ் தலைமைப் பெட்டி, துணைப் பெட்டிகள் என்ற வரிசையில் மீண்டும் இயக்குக. நிறுவனப் பெட்டி, தலைமைப் பெட்டி ஆகிய இரண்டும் வழிகாட்டும் தொழிலைச் செய்யின் ஒரு வீட்டில் இரண்டு எசமானர் இருந்தாற்போலக் குழப்பம் விளையலாம். ஒன்றை அத்தொழிலிலிருந்து விடுவித்தல் நலம். ஊசித்துளையினுள்ளே இருக்கும் பொத்தானை மட்டும் அவசரப்பட்டு அழுத்தற்க. அது பெட்டியை நிறுத்தி இயக்குவதன்று. அமைப்புகள் அனைத்தையும் அழிப்பது.

நான்காவதாக, வாங்கும்போதே “எத்தனை ஆண்டுகளுக்குப் புதுப்பித்தல் கிடைக்கும்?” என்று கடைக்காரரை வினவுக. பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல், பாதுகாப்புப் புதுப்பித்தல் எவ்வளவு காலத்துக்கு உண்டு என்பதை உற்பத்தியாளர் வெளிப்படையாகக் கூறல் சட்டமாயிற்று. அவ்வினாவைக் கேட்க நமக்குச் சட்டம் வேண்டியதில்லை.

மாணவர்கட்கு ஒரு சொல். 2020 இல் பாடசாலைகள் மூடப்பட்ட நாளிலே உங்கள் கல்வி இவ்வலைகளின் மீதே தவழ்ந்து வந்தது. அந்நன்றியை இன்று ஒரு சிறு தொண்டாற் செலுத்தலாம். உங்கள் தொடர்மாடியில், உங்கள் தெருவில், தனித்திருக்கும் முதியோர் ஒருவரின் வீட்டுக்குச் செல்லுங்கள். எந்த விளக்கு எதனைக் குறிக்கின்றது, எப்பெட்டியை முதலில் இயக்க வேண்டும் என்பவற்றைப் பெரிய எழுத்தில் ஒரு தாளிலெழுதிப் பெட்டியருகே ஒட்டிக் கொடுங்கள். ஒரு மணி நேர வேலைதான். மறுமுறை செவ்விளக்கு எரியும் காலையில் அந்த வீட்டார் அஞ்சமாட்டார்.