அப்பாவுக்கு எடுத்து வைத்த கறி

(10ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

சர்ச்சில் கல்யாணம் நடக்கும்போது அன்பைப் பற்றி ஒரு வாசகம் படிப்பார்கள், கேட்டிருக்கிறீர்களா? அது பைபிளில் 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரம். மாப்பிள்ளை பொண்ணுக்காகவே எழுதினது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லையாம்! சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்களுக்குப் பவுல் எழுதிய கடிதமாம் அது. மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் சொன்னார்கள்.

கொரிந்து கிரேக்க நாட்டில் உள்ள ஒரு வியாபார நகரம். பிழைப்புக்காகப் பல ஊர்க்காரர்கள் வந்து சேர்ந்த இடம், நம்ம ஓசூர் மாதிரி. (அங்கே துறைமுகம், இங்கே சிப்காட்.) கி.பி. 50களில் அங்கிருந்த கிறிஸ்தவர்கள் ஒன்றாகக் கூடிச் சாப்பிடுவார்கள். முதலில் வந்தவர்கள் வயிறு முட்டச் சாப்பிட்டு விடுவார்கள். மற்றவர்கள் பசியோடு நிற்பார்கள். அப்படி நின்றவர்கள், வேலை முடித்து லேட்டாக வந்த அடிமைகளும் கூலிக்காரர்களும்தான் என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று பவுல் 11ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். அதற்கு இரண்டு அதிகாரம் தள்ளித்தான் அன்பு வாசகம் வருகிறது.

இதைக் கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. காரணம் சொல்கிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு, அப்பாவுக்கு ஓ.டி. அம்மா கோழிக்குழம்பு வைத்து, அப்பாவுக்கென்று நாலு துண்டு தனியாக எடுத்து மூடி வைத்தார். அம்மாவுக்கு மறுநாள் ஃபர்ஸ்ட் ஷிப்ட், அதனால் சீக்கிரம் படுத்துவிட்டார். நான் 'ஒண்ணே ஒண்ணு' என்று மூடியைத் திறந்தேன். நாலும் போச்சு. பதினொரு மணிக்கு அப்பா வந்தார். மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. நான் போர்வைக்குள் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். வெறும் குழம்பைத் தொட்டுக் களியைச் சாப்பிட்டுவிட்டு, அம்மாவை எழுப்பி, "பாப்பா சாப்பிட்டாளா?" என்று மட்டும் கேட்டார்.

அன்பின் குணங்களைச் சொல்லும்போது பவுல் முதலில் சொல்வது பொறுமை. அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு, கோபம் வர ரொம்ப நேரம் ஆகும் என்று அர்த்தமாம். அந்த அர்த்தத்தை எங்கள் வீட்டில் அன்றைக்கே பார்த்துவிட்டேன்.

நைட் ஷிப்ட் முடிந்து வந்து பகலில் தூங்கும் அண்ணனுக்காக டிவி சத்தத்தைக் குறைப்பதும் இந்தப் பொறுமையில்தான் சேரும் என்பது என் கருத்து. கிறிஸ்தவ வீட்டில் மட்டும்தான் இது உண்டு என்று நான் சொல்லவில்லை. தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டு அக்கா சர்ச்சுக்குப் போகிறவர் இல்லை. அவர் வீட்டிலும் தினம் ராத்திரி ஒரு தட்டு மூடியே இருக்கும்.

இப்போதெல்லாம் அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்து வைப்பது என் வேலை. செகண்ட் ஷிப்ட் வாரத்தில் சில நாள் முழித்திருப்பேன். "படிக்கிற புள்ள, தூங்காம என்ன பண்றே?" என்று திட்டுவார். கறியைத் தின்றது நான்தான் என்று இன்னும் வாயால் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும்.

நேற்று அவர் வரும்போது களி ஆறி இறுகிப் போயிருந்தது. பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்தார். நான் ஏற்கெனவே சாப்பிட்டிருந்தேன். இருந்தாலும் சாப்பிட்டேன்.