மண் திருந்தினால் களை குறையும்

நுவரெலியாவுக்கு வருவோர் விக்டோரியாப் பூங்காவின் பசும்புல்தரையைக் கண்டு மகிழாதிருப்பதில்லை. அத்தகைய புல்தரையொன்றைப் பாடசாலை மைதானத்திலோ இல்லத்தின் முன்றிலிலோ உண்டாக்க விழைவோர் மலையகத்திற் பலர். ஆயின், நட்ட புல் மஞ்சளித்து மெலிய, நடாத புளியாரையும் கோரையும் செழிப்பதைக் கண்டு அவர்கள் சோர்ந்து களையைப் பழிக்கின்றனர். முதலில் ஆராய வேண்டியது மண்ணையே.

மலைச்சரிவை வெட்டிச் சமதரை அமைக்கும்போது, இலைச்சருகு மக்கி உண்டான கறுத்த மேல்மண் அடியிற் புதைந்துவிடுகிறது. அடியிலிருந்த செம்மஞ்சள் மண் மேலே வருகிறது. காலங்காலமாகப் பெய்த மழை சுண்ணாம்புச் சத்தைக் கழுவிச் சென்றமையால் அது புளிப்பு மிக்கது. அமிலத்தைக் காட்டும் பி.எச். அளவு 4.5 முதல் 5.5 வரையுள்ள மண் தேயிலைக்கு உகந்தது. பெரும்பாலான புல்லினங்களுக்கோ 6-ஐ ஒட்டிய அளவே ஏற்றது. நம் மலைகளில் ஹைட்ரேஞ்சியா நீல நிறத்திற் பூப்பதும் மண்ணின் புளிப்பினாலேயே. மாணவர் இதனைக் கவனித்தல் நன்று.

மலையகம் இப்பாடத்தைப் பெருவிலை கொடுத்தே கற்றது. கோப்பிக் காலத்திலும் பின்னர் தேயிலைக் காலத்திலும், ஒரு புல்லும் இல்லாத மலையே நல்ல தோட்டத்தின் அடையாளமெனத் துரைமார் கருதினர். தொழிலாளர் சுரண்டியாற் தரையைச் செதுக்கினர். களை போயிற்று, அதனோடு மேல்மண்ணும் மழைநீரில் ஓடிற்று. மண் மெலிந்தால் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் கூடை சுமப்போர் கையிற் காசும் குறையும் அன்றோ?

1925-ஆம் ஆண்டில் தோன்றி, தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கிவரும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் வேறு வழி காட்டிற்று. பழைய தேயிலையை அகற்றிய நிலத்தில் உடனே கன்று நடாமல், குவாத்தமாலாப் புல்லையோ மானாப் புல்லையோ ஏறக்குறைய இரண்டாண்டு வளர்த்து, வெட்டி அங்கேயே மூடாக்கிடுவது அம்முறை. புல்லே மண்ணுக்கு மருந்தாயிற்று. களைநாசினி மட்டும் இவ்வேலையைச் செய்யாது. கிளைபோசேற் மருந்தை அரசாங்கம் 2015-இல் தடைசெய்து, 2018-இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மீண்டும் அனுமதித்தது. எம்மருந்தாயினும், வெற்றுத்தரையிற் களை மீண்டும் முளைக்கவே செய்யும்.

புல்தரை அமைப்போருக்கு நாம் கூறுவது இது: நிலத்தை வெட்டுமுன் மேல்மண்ணை ஒருபுறம் குவித்து வைத்து, வேலை முடிந்ததும் அதனைப் பரப்புங்கள். சரிவிற்குக் குறுக்கே கான் வெட்டி நீரை வடியவிடுங்கள். மண்ணைச் சோதித்து, வேண்டிய அளவு டொலமைற் இடுங்கள். அருகிலுள்ள தேயிலைக்கு அது மிகுதியாகச் செல்லலாகாது. மக்கிய மாட்டெருவைச் சேர்த்து அரையடி ஆழம் கிளறுங்கள். சில வாரம் பொறுத்து, முளைத்த களைகளை இளமையிலேயே நீக்கிய பின்னர், மார்ச், ஏப்ரல் மழையோடு புற்கட்டைகளை நான்கு அங்குல இடைவெளியில் நடுங்கள். தென்மேற்குப் பருவமழை கொட்டுமுன் அவை வேரூன்ற வேண்டும். பெரிய நிலமாயின் பகுதி பகுதியாகவே செய்தல் நன்று. அடிமண்ணே எஞ்சிய இடத்தில், புளிப்பையும் வறுமையையும் ஓரளவு தாங்கும் அகன்ற இலைக் கம்பளப்புல்லை நடலாம்.

புல்லை ஒட்ட வெட்டாதீர்கள்; ஒருமுறைக்கு மூன்றிலொரு பங்கு வெட்டினாற் போதும். உயர்ந்த புல்லின் நிழலிற் களைவிதை முளைத்தல் அரிது. கோரைக்கும், நிலத்தடியிற் சிறு கிழங்கு வைக்கும் புளியாரை வகைக்கும், மழை பெய்து மண் இளகிய நாளில் முள்ளால் நெம்பிக் கிழங்கோடு எடுத்தலே வழி. சுரண்டியைத் தொடவேண்டாம்.

இவ்வாறு பேணினும் முதலாண்டிற் களை தோன்றவே செய்யும். பொறுமை வேண்டும். நுவரெலியாவின் மண் நானு ஓயாவிற் கரைந்து, கொத்மலை ஓயா வழியே மகாவலிக்குப் போகிறது. போன மண் மலையேறி வாராது. ஒரு பாடசாலை மைதானம் பசுமையாக மூடப்பட்டால், அவ்வளவு மண்ணேனும் நம் பிள்ளைகளுக்கு மிஞ்சும்.